காலின் என்ற கோழிக்கு நண்பர்கள் இருந்தார்களா?

கேள்வி கேட்டவர் ஒளிவுமறைவில்லாமல் கேட்டிருக்கிறார். நண்பர் ஒருவர் விடாமல் சிபாரிசு செய்ததால் ‘போர்ட்லேண்டியா’ என்ற அமெரிக்க ஸ்கெட்ச் காமெடித் தொடரில், அதாவது ஸ்கெட்ச் எனப்படும் குட்டிக் குட்டித் தனி நகைச்சுவைக் காட்சிகளால் ஆன தொடரில், மூன்று எபிசோட் பார்த்தாராம். நண்பருக்கு அதைவிடச் சிறந்த நகைச்சுவைத் தொடர் கிடையாது. இவருக்கோ ஓரிடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. விசாரித்தால் பார்த்தவர்களில் பாதிப் பேர் கொண்டாடுகிறார்கள், மீதிப் பேர் பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டோம் என்கிறார்கள். “ஹிப்ஸ்டர்களைக் கிண்டல் செய்யும் தொடர் என்கிறார்கள். எனக்குத்தான் புரியவில்லையா, இல்லை அதில் ஒன்றுமே இல்லையா?”

புரியாமல் போக அதில் பெரிய சூட்சுமம் கிடையாது. ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பார்க்கும்போது உங்களை அந்தக் காட்சியில் யாருடைய இடத்தில் வைத்துக்கொள்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நீட்டிச் சொன்னால்தான் விளங்கும்.

முதலில் பின்னணி. 2011 ஜனவரியில் ஐஎஃப்சி என்ற சிறிய கேபிள் சானலில் தொடங்கி 2018 மார்ச் வரை எட்டு சீசன், 77 எபிசோட் ஓடிய தொடர் இது. சாட்டர்டே நைட் லைவ் என்ற அமெரிக்க டிவி நகைச்சுவை நிகழ்ச்சியில் அப்போது நடித்துக்கொண்டிருந்த ஃபிரெட் ஆர்மிசன் ஒரு பக்கம். ஸ்லேட்டர்-கின்னி என்ற பெண்கள் ராக் குழுவின் கிதார் கலைஞரும் பாடகியுமான கேரி பிரவுன்ஸ்டீன் இன்னொரு பக்கம். இருவரும் நண்பர்கள். 2005-லிருந்தே ‘தண்டர்ஆன்ட்’ என்ற பெயரில் பொழுதுபோக்காகச் சின்னச் சின்ன வீடியோக்கள் எடுத்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் இயக்குநர் ஜொனாதன் கிரைசல் சேர்ந்துகொள்ள, அந்த விளையாட்டே தொடராக வளர்ந்தது. ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் நகரத்திலேயே, நிஜமான கடைகளிலும் வீடுகளிலும் தெருக்களிலும் படம்பிடித்தார்கள். பெரும்பாலான பாத்திரங்களை இந்த இரண்டு பேரே விக் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பின்னணியில் சிரிப்புச் சத்தம் கிடையாது. வசனத்தில் பெரும்பகுதி கேமரா முன்னால் அப்போதைக்கு அப்போது பேசியது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி முதல் எபிசோடில் வரும் கோழி. உங்கள் மூன்று எபிசோடில் இதுவும் இருந்திருக்கும்.

கணவன் மனைவி போன்ற ஒரு ஜோடி உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறது. கோழி சாப்பிடலாமா என்று யோசனை. இது உள்ளூர்க் கோழியா என்று கேட்கிறார்கள். பரிமாறும் பெண் பொறுமையாகச் சொல்கிறாள்: பாரம்பரிய இனம், காட்டுப் பக்கம் வளர்ந்தது, செம்மறியாட்டுப் பால், சோயா, ஹேசல்நட் என்ற கொட்டை சாப்பிட்டது. அந்த ஹேசல்நட் உள்ளூரில் விளைந்ததா என்று அடுத்த கேள்வி. கோழி உலாவ எவ்வளவு இடம் இருந்தது? நான்கு ஏக்கர். அவள் உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து வைக்கிறாள். உள்ளே கோழியின் புகைப்படம், அதன் விவரங்கள். பெயர் காலின். ஜோடிக்கு அதுவும் போதவில்லை. காலினுக்கு நண்பர்கள் இருந்தார்களா, இன்னொரு கோழியின் தோளில் சிறகைப் போட்டுக்கொண்டு திரிந்திருப்பானா என்றெல்லாம் கேட்டுவிட்டு, எங்கள் இடத்தைப் பிடித்து வையுங்கள் என்று சொல்லி, முப்பது மைல் தள்ளியிருக்கும் பண்ணையை நேரில் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே போய் ஒரு சாமியார்க் கும்பலில் மாட்டிக்கொள்வது தனிக் கதை.

அமெரிக்காவில் விளையும் ஹேசல்நட்டில் ஏறக்குறைய மொத்தமும் ஒரிகனில், போர்ட்லேண்டுக்குத் தெற்கே நீளும் வில்லமெட் பள்ளத்தாக்கில் விளைகிறது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஹேசல்நட் உள்ளூரா என்று கேட்பது, நம் பொள்ளாச்சியில் உட்கார்ந்துகொண்டு தேங்காய் வெளியூரிலிருந்து வந்ததா என்று கேட்பதைப் போல. ஒரிகன்காரர் அந்த வரிக்கே சிரித்துவிடுவார். நமக்கு அது வெறும் கேள்வியாகக் கடந்துபோய்விடும். தொடர் முழுக்க இப்படிப்பட்ட பொடி விஷயங்கள் நிறைய. உங்கள் நண்பர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தவர் என்றால் பாதி மர்மம் இங்கேயே தீர்ந்தது.

நான் சில வருடம் போர்ட்லேண்டை ஒட்டிய ஹில்ஸ்பரோ பக்கம் இருந்தவன். சிப் தயாரிக்கும் தொழில் அங்கே பெரியது என்பதால் நம்மவர்கள் அந்தப் பக்கம் ஏராளம். சனிக்கிழமை விவசாயிகள் சந்தையில் ஒருமுறை ஒரு டஜன் முட்டை கேட்டேன். விற்ற அம்மா முட்டையை எடுத்துக் கொடுக்கவில்லை. கோழிகள் எந்தப் புல்வெளியில் மேய்கின்றன, மழைக்காலத்தில் எங்கே ஒதுங்குகின்றன என்று ஆரம்பித்தார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை, அவர்களும் காது கொடுத்துக் கேட்டார்கள். அதற்குச் சில மாதம் கழித்துத்தான் காலினைப் பார்த்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதே காட்சியை ஊரில் மாமாவுக்குப் போட்டுக் காட்டியபோது அவர் முழுதாகப் பார்த்துவிட்டு, “நாட்டுக்கோழியான்னு கேக்கறாங்க, சரி. இதுல என்ன?” என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நாட்டுக்கோழியா பிராய்லரா என்று நாமும்தான் துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் நாம் கேட்பது ருசிக்காக, உடம்புக்காக. அந்த ஜோடி கேட்பது, சாப்பிட்ட பிறகும் தாங்கள் நல்லவர்களாகவே இருக்க வேண்டும் என்பதற்காக. கிண்டல் முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. நல்லவராக இருப்பதை ஒரு முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருக்கும் மனிதர்களை அருகில் பார்த்திராதவருக்கு அது வெறும் உணவகக் காட்சி.

நம் லொள்ளு சபா எப்படி? மூலப் படத்தைப் பார்க்காதவருக்கு அதில் பாதி நகைச்சுவை வீண். போர்ட்லேண்டியாவுக்கும் ஒரு மூலம் உண்டு. அது படமாக இல்லாமல் ஒரு மனித வகையாக இருக்கிறது, அவ்வளவுதான். மூலத்தைத் தெரியாமல் நகலைப் பார்த்தால் யாருக்கும் அலுக்கும்.

அந்த மனித வகைக்குத்தான் ஹிப்ஸ்டர் என்று பெயர். 1940-களில் ஜாஸ் இசைக் கூட்டத்தைச் சுற்றிப் புழங்கிய சொல் இது. 2000-களில் மறுபடி கிளம்பியபோது அர்த்தம் மாறியிருந்தது: தாடி, கியர் இல்லாத சைக்கிள், பழைய இசைத்தட்டு, கையால் செய்த ஊறுகாய், யாரும் கேள்விப்படாத இசைக்குழு. இதில் வேடிக்கை, தன்னை ஹிப்ஸ்டர் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. எப்போதும் பக்கத்து மேசைக்காரர்தான் ஹிப்ஸ்டர்.

இதைத் தொடர் நன்றாகப் பிடித்துவிடுகிறது. ஸ்பைக் என்று ஒரு பாத்திரம். காதில் பெரிய துளை, தாடி, சைக்கிள். சாலையில் போகும்போது “சைக்கிள் உரிமை!” என்று கார்க்காரர்களிடம் கத்துவான். ஒரு ஸ்கெட்சில் அவன் போகும் இடத்துக்கெல்லாம் சட்டையை இன் பண்ணிய ஒரு சாதாரண ஆபீஸ் ஆள் வந்து சேர்கிறார். இவன் போகும் பாருக்கு அவரும் வருகிறார், உடனே அந்த பார் இவனுக்குத் தீர்ந்தது. இவன் ஓட்டும் சைக்கிளை அவரும் ஓட்டுகிறார், சைக்கிளும் தீர்ந்தது. ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே போனால் கடைசியில் என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். ரசனை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தது முழுக்க மற்றவர்களிடமிருந்து விலகி நிற்கும் அவசரம்தான் என்பது ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் நமக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்கு இந்தத் தொடரிலேயே மிகக் கூர்மையாகப் பட்ட ஐந்தாறு நிமிடங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் காலம் இந்தத் தொடருக்கு ஒரு சங்கடத்தைச் செய்துவிட்டது. ‘அதன் மேல் ஒரு பறவையைப் போடு’ என்ற ஸ்கெட்ச் 2011-ல் பெரிய ஹிட். இரண்டு பேர் ஒரு கைவினைக் கடைக்குள் புகுந்து, பாவம் இந்தத் துணிப்பை சோகமாக இருக்கிறது, இதோ ஒரு பறவை, என்று கண்ணில் படும் பொருள் மேலெல்லாம் பறவைப் படம் ஒட்டிக்கொண்டே போவார்கள். கடைசியில் நிஜப் பறவை ஒன்று கடைக்குள் வந்துவிடும். அலறியடித்துக்கொண்டு அதை விரட்டுவதில் கடையே துவம்சம். அன்றைக்கு அமெரிக்கக் கைவினைக் கடைகளில் பறவைப் படம் இல்லாத பை கிடைப்பது கஷ்டம், அதனால் வெடித்துச் சிரித்தார்கள். இன்றைக்கு அதே அழகியல் சென்னையில், கோவையில், பெங்களூரில் எல்லாக் காபிக் கடைச் சுவரிலும் தொங்குகிறது. அன்று கிண்டலாக இருந்தது இன்று சாதாரண அலங்காரம். உங்களுக்கு இப்போது பார்த்துச் சிரிப்பு வரவில்லை என்றால், அதில் பாதிக் காரணம் நீங்கள் பத்துப் பதினைந்து வருடம் தாமதமாகப் போனது.

இன்னொரு காரணம் வடிவம். அப்போதைக்கு அப்போது பேசுகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? அதனால் காட்சிகள் ஒரு குத்துவசனத்தில் போய் முடிவதில்லை. ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொண்டு ஜவ்வு மாதிரி இழுக்கிறார்கள். அது அறுந்துவிடும் என்று தோன்றும் இடத்திலும் விடாமல் இன்னும் கொஞ்சம் இழுக்கிறார்கள். ‘படித்தாயா?’ என்று ஒரு ஸ்கெட்ச். இரண்டு பேர் ஒருவரையொருவர், அந்தப் பத்திரிகைக் கட்டுரையைப் படித்தாயா, இதைப் படித்தாயா என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். வேகம் ஏறுகிறது, பெரும்பாலும் வேறு ஒன்றும் நடப்பதில்லை. அந்த ஏற்றமே சிலருக்கு இசை மாதிரி. மற்றவர்களுக்கு, சரி புரிந்தது, அடுத்ததுக்கு வாங்க என்று இருக்கும். இரண்டாவது வகையினரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பல ஸ்கெட்சுகளில், முக்கியமாக நடுவிலிருக்கும் சீசன்களில், இழுப்பது மட்டும் மிஞ்சி யோசனை மெலிந்துவிடுகிறது. விக்கும் குரலும் மாறுகின்றன, உள்ளே இருக்கும் ஆள் மாறுவதில்லை.

சரி, இதெல்லாம் சிரிப்பு வந்தது, வரவில்லை என்ற அளவில். இன்னொரு பிரிவு இருக்கிறது. அது சிரிக்காதவர்களின் பிரிவு அல்ல, கோபப்பட்டவர்களின் பிரிவு. அவர்களில் பலர் போர்ட்லேண்டிலேயே வாழ்ந்தவர்கள்.

தொடக்கத்தில் ஊர் தொடரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. நகர மேயராகக் கைல் மெக்லாக்லன் நடிக்க, அப்போது நிஜ மேயராக இருந்த சாம் ஆடம்ஸ் அந்தப் பொய் மேயரின் உதவியாளராக வந்து நின்றார். தொடரின் பெயரே ஊர்ச் சொத்துதான். நகரின் நடுவே ஒரு அரசுக் கட்டடத்தின் வாசலுக்கு மேல் 1985-ல் நிறுவிய பிரம்மாண்டமான செப்புச் சிலையின் பெயர் போர்ட்லேண்டியா. ‘போர்ட்லேண்டைக் கிறுக்காகவே வைத்திருப்போம்’ என்ற வாசகத்தை 2003 முதல் காரில் ஒட்டிக்கொண்டு திரிந்த ஊர் அது. அந்த வாசகமும் டெக்சஸின் ஆஸ்டினிலிருந்து இரவல் வாங்கியது என்பதைக் கேட்டால் ஸ்பைக் தற்கொலையே செய்துகொள்வான்.

முதல் எபிசோடில் ஒரு பாட்டு வரும்: தொண்ணூறுகளின் கனவு போர்ட்லேண்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று. இளைஞர்கள் ஓய்வு பெறப் போகும் ஊர் என்று ஒரு வசனமும் உண்டு. கேட்க ஜோராக இருக்கும். ஆனால் அந்தக் கனவில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. ஒரிகன் 1859-ல் மாநிலமானபோதே, கறுப்பினத்தவர் அங்கே குடியேறக் கூடாது என்ற விதி அதன் அரசியலமைப்பில் இருந்தது. இனவாதச் சொற்கள் கடைசியாக அதிலிருந்து நீங்கியது 2002-ல், அதுவும் வாக்கெடுப்பு நடத்தி. போர்ட்லேண்டில் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஆல்பைனா பகுதியை விளையாட்டரங்கத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் மருத்துவமனை விரிவாக்கத்துக்கும் என்று கொத்துக் கொத்தாக இடித்தார்கள். மிஞ்சிய தெருக்களில்தான் பிறகு அழகான காபிக் கடைகளும் கைவினைக் கடைகளும் வந்தன. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெள்ளையர்கள். தொடரில் பறவை ஒட்டும் கடை இருக்கும் தெருவில் அதற்கு முன்னால் யார் குடியிருந்தார்கள் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை.

அப்புறம் வாடகை. தொடர் ஓடிய வருடங்களில்தான் போர்ட்லேண்டில் வாடகை எகிறியது. 2015 அக்டோபரில் நகர நிர்வாகம் வீட்டுவசதி நெருக்கடி என்றே அறிவித்தது. டிவியைப் பார்த்துவிட்டு எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள், எல்லாம் இந்தத் தொடரால் வந்த வினை என்று புலம்பியவர்களை நானே கேட்டிருக்கிறேன். எனக்கு அது மிகைப்பேச்சு. சியாட்டிலிலும் டென்வரிலும் ஆஸ்டினிலும் இதே காலத்தில் வாடகை ஏறியது. அங்கெல்லாம் எந்தக் காமெடித் தொடர் ஏற்றியது? ஆனால் தன் வீட்டை விட்டுப் போக வேண்டிய நிலையில் இருப்பவருக்கு, தன் தெருவை ஊறுகாய் ஜாடியும் பறவையுமாகச் சுருக்கி உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியைப் பார்த்துச் சிரிப்பு வராது. அந்த எரிச்சலை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

இந்தக் கோபம் வெளிப்படையாக வெடித்தது ஒரு புத்தகக் கடையில். தொடரில் டோனி, கேண்டஸ் என்று இரண்டு பெண்கள் ஒரு பெண்ணியப் புத்தகக் கடை நடத்துவார்கள். கடைக்குள் வருகிறவருக்கு எதையும் விற்க மாட்டார்கள். எதைத் தொட்டாலும் திட்டு, எதைக் கேட்டாலும் பாடம். கேண்டஸாகப் பெண் வேடத்தில் வருபவர் ஆர்மிசன். இந்தக் காட்சிகளை எடுத்த இடம் ‘இன் அதர் வர்ட்ஸ்’ என்ற நிஜமான பெண்ணியப் புத்தகக் கடை. 1993-ல் தொடங்கி, தன்னார்வலர்கள் லாப நோக்கமில்லாமல் நடத்திவந்த இடம். 2016-ல் அவர்கள் ஜன்னலில் தொடரைக் கெட்ட வார்த்தையில் வைது ஒரு அட்டையை வைத்துவிட்டு, இனி இங்கே படப்பிடிப்பு கிடையாது என்று அறிவித்தார்கள். ஆண் நடிகர் விக்கும் கவுனும் போட்டுக்கொண்டு வருவதையே நகைச்சுவையாக்குவது திருநங்கைகளை இழிவுபடுத்துகிறது, படப்பிடிப்புக்கு வந்தவர்கள் கடையை அலங்கோலமாக விட்டுப் போகிறார்கள், ஊரின் இனப் பிரச்சினையையும் வாடகைப் பிரச்சினையையும் இந்தத் தொடர் இன்னும் மோசமாக்குகிறது என்று காரணங்களை அடுக்கினார்கள். 2018-ல் கடையும் மூடிவிட்டது. தொடர் முடிந்த அதே வருடம்.

தொடரின் ரசிகர்கள் இதைக் கேட்டதும், பாருங்கள், டோனியும் கேண்டஸும் பேசுவது போலவே பேசுகிறார்கள் என்று சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. கிண்டல் செய்தவர் இடத்தைக் காலி செய்துவிட்டு அடுத்த படப்பிடிப்புக்குப் போய்விடலாம். அங்கே சம்பளம் வாங்காமல் வேலை செய்தவர்தான் மறுநாள் காலையில் வந்து அலமாரிகளை ஒழுங்குபடுத்த வேண்டும். அதே சமயம், அந்த ஸ்கெட்ச் வெறும் வன்மத்தில் எழுந்தது என்றும் நான் நினைக்கவில்லை. பிரவுன்ஸ்டீன் பெண்ணிய ராக் இயக்கத்துக்குள்ளிருந்து வந்தவர். தன் கூட்டத்தைத்தான் கிள்ளுகிறார். சொந்த வீட்டுக்காரி கிள்ளினாலும் வலிக்கிறவருக்கு வலிக்கத்தான் செய்யும், அது வேறு விஷயம்.

தொடர் வசதியானவர்களின் கவலைகளை மட்டுமே பார்த்தது என்பவர்களுக்கு நான் காட்டும் ஒரு ஸ்கெட்ச் உண்டு. முதல் சீசனில் வருகிறது. ஃபிரெட்டும் கேரியும் வீட்டுக்கு வேலைக்கு ஆள் வைத்திருப்பார்கள். வந்து நிற்பவர் பாடகி ஏய்மி மேன், தன் நிஜப் பெயரிலேயே. இசையில் வருமானம் போதாததால் வீடு துடைக்க வந்திருக்கிறார். முதலில் இவர்கள் ரசிகர்களாக உருகுகிறார்கள், உங்கள் பாட்டு எங்களுக்கு எவ்வளவு முக்கியம் தெரியுமா என்கிறார்கள். அடுத்த நிமிடமே வேலையில் குறை கண்டுபிடிக்க ஆரம்பிக்கிறார்கள். ஒரே ஆளிடம் பக்தியும் முதலாளித்தனமும் மாறி மாறி வருகின்றன. ஏய்மி மேன் முகத்தில் கையறு நிலையும் மரியாதையும் கலந்த ஒரு பார்வை. கலையை உயிராக நேசிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஊரில் கலைஞருக்கு என்ன கூலி என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இதைப் போல இன்னும் பத்து ஸ்கெட்ச் எழுதியிருந்தால் எதிர்ப்பாளர்களில் பாதிப் பேர் வாய் திறந்திருக்க மாட்டார்கள். எழுதவில்லை.

கோழிக் காட்சிக்கே திரும்புகிறேன். அதில் மூன்று இடம் இருக்கிறது. கேள்வி கேட்கும் ஜோடியின் இடம் ஒன்று. உங்கள் நண்பர் அங்கே உட்கார்ந்துதான் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். தன்னையே கண்ணாடியில் பார்ப்பதால் வரும் சிரிப்பு அவருடையது. உணவகத்துக்கு வெளியே, உள்ளே போகக் காசில்லாமல் நிற்பவரின் இடம் இன்னொன்று, ஊர்க்காரர்களின் கோபம் அங்கிருந்து வருகிறது. மூன்றாவது, பரிமாறும் பெண்ணின் இடம். அவள் ஒருமுறைகூடச் சிரிப்பதில்லை, ஒருமுறைகூட எரிந்து விழுவதும் இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். முதல் தடவை நான் ஜோடியைப் பார்த்தேன். இரண்டாம் தடவை பார்த்தபோது அவளை மட்டும் பார்த்தேன், அது வேறு காட்சியாக இருந்தது.

இப்போது உங்களுக்கு என்ன செய்வது? தொடரை வரிசையாகப் பார்க்க வேண்டாம். முதல் இரண்டு சீசனிலிருந்து பொறுக்கி எடுங்கள். கோழி, ஸ்பைக்கும் ஆபீஸ் ஆளும், ஏய்மி மேன், அப்புறம் இரண்டாம் சீசன் கடைசியில் காலை உணவுக்கு முடிவே இல்லாத வரிசையில் ஊரே நிற்கும் எபிசோட். முடிந்தால் ஒரிகன் பக்கம் இருந்த யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள், அவர் எந்த இடத்தில் சிரிக்கிறார் என்று கவனித்தாலே பாதி விளங்கும். இந்த நான்கிலும் உதடு அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள், நண்பரிடம் சண்டை வேண்டாம். பின்னால் வரும் சீசன்களை முழுமைக்காகப் பார்க்கிறேன் என்று மட்டும் உட்காராதீர்கள். எட்டையும் முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஐந்துக்கு மேல் எனக்கு நினைவில் நிற்பது நான்கைந்து காட்சிகள்தான்.